வெயில் பக்கத்து ஜன்னல்

எழும்பூரிலிருந்து காலையில் தெற்கே கிளம்பும் ரயிலில் ஜன்னலோரம் கேட்பவர்கள், வெயில் விழாத பக்கமாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். ஆடி மாத வெயில், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முழங்கையைப் பொசுக்கிவிடும். இந்தப் பயணத்தில் இருவர் மட்டும் வேண்டுமென்றே கிழக்குப் பக்கத்து ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். மற்றவர் அவரிடம் படித்தவர். இப்போது போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். இறங்கப் போவது கன்னியாகுமரி. பார்க்கப் போவது கடலையும் இல்லை, கோயிலையும் இல்லை. வழிநெடுக மேகம்.

மேகம் பார்க்க வெயில் பக்கம் எதற்கு? வானத்தில் நிறம் காட்டும் வித்தைகளில் பெரும்பாலானவை சூரியனைச் சுற்றி ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் நடக்கின்றன. கண் கூசுகிறது என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அந்தப் பக்கத்தில்தான். அபூர்வம் என்று பெயர் வாங்கியவற்றில் சில, யாரும் பார்க்காததால் மட்டுமே அபூர்வமானவை.

சாண் என்பது இங்கே பேச்சுக்குச் சொன்னதல்ல. கையை முழுக்க நீட்டி, விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை வானத்தில் ஏறக்குறைய 20 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. மூன்று விரல் சேர்ந்தால் 5. ஆசிரியர் கொண்டுவந்த கருவி அவ்வளவுதான். சூரியனை மறைக்க ஜன்னல் கம்பி இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் கட்டைவிரல். கேமராக்காரருக்கு அவர் ரயில் ஏறும் முன்பே ஒரு கட்டளை போட்டிருந்தார்: “லென்ஸ் வழியா சூரியனை நேரா பார்த்தேன்னு மட்டும் வந்து நிக்காதே. கண்ணு திரும்பி வராது.”

ரயில் நுங்கம்பாக்கத்தைக் கடந்தது. அந்த ஸ்டேஷனுக்கு அருகே, கல்லூரிச் சாலையில், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் இருந்த வளாகத்தில்தான் இன்றைய வானிலை மையம் இயங்குகிறது. ராடாரும் செயற்கைக்கோள் படமும் வந்த பிறகும் மேகத்தின் அளவைக் கண்ணால் குறிக்கும் பழைய முறை வழக்கொழிந்துவிடவில்லை. தெரிகிற வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரிக்க வேண்டும். அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். உலகம் முழுக்க இதே எட்டுப் பங்குக் கணக்குதான். அன்று காலை சென்னை வானம் எட்டுக்கு மூன்று.

மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் கண்ணை மட்டும் நம்பியவர்தான். லண்டனில் மருந்துப் பொருள் தயாரிப்புத் தொழில் செய்த லூக் ஹோவார்ட், 1802-இல் ஒரு சிறு கழகத்தில் படித்த கட்டுரையில் மேகங்களை வகைபிரித்துக் காட்டினார். பள்ளிப் புத்தகத்தில் வரும் கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்ற பிரிவுகளுக்கு அதுவே அடிப்படை. லண்டன் வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு மற்ற நாடுகளுக்கும் பொருந்துமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. அதற்கு விடை தேடி ரால்ஃப் அபர்கிராம்பி என்பவர் 1880-களில் இரண்டு முறை உலகத்தைச் சுற்றி வந்தார். எங்கும் அதே மேகங்கள்தான் என்பது அவர் கண்ட முடிவு. 1896-இல் முதல் சர்வதேச மேக அட்டவணை வெளிவந்தது. அதன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிய பெயர்கள் பல சேர்ந்தன. அடிப்படை வகைகள் என்னவோ இன்றும் பத்துதான்.

மேகங்கள் ஒன்றாக இருக்கலாம். அவற்றின் மீது விழும் வெயில் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆசிரியர் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த வித்தியாசம்.

செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி வந்தது. ஸ்டுடியோக்காரர் மேலே பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியர் கீழே தண்ணீரைப் பார்த்தார். சூரியனுக்கு ஒரு முஷ்டி தள்ளி மெல்லிய மேகத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளைக் கூச்சம். ஏரி நீரில் பிரதிபலித்தபோது கூச்சம் அடங்கி, அதே துணுக்குகளின் ஓரங்களில் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் ஓடியது தெரிந்தது. மேகத்தின் நீர்த்துளிகள் மிகச் சிறியவையாகவும் கிட்டத்தட்ட ஒரே அளவினவாகவும் இருக்கும்போது, அவற்றைச் சுற்றி வளையும் ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. மேகத்தின் ஓரத்தில் துளிகள் பெரும்பாலும் அப்போதுதான் பிறந்தவை அல்லது ஆவியாகிக்கொண்டிருப்பவை. அளவில் பெரிய வேறுபாடு இருக்காது. அதனால்தான் நிறம் நடுவில் தோன்றாமல் கரையில் தோன்றுகிறது. சோப்புக் குமிழியில் பார்க்கும் நிறங்கள்தான், இன்னும் வெளிறிப் போனவை.

“தினமும் இப்படி இருக்குமா சார்?”

“தினமும் இருக்காது. ஆனா நீ நினைக்கிறதைவிட நிறைய நாள் இருக்கும். கருப்புக் கண்ணாடி போட்டுப் பாரு, இல்லேன்னா தண்ணியில பாரு. மொட்டைமாடித் தொட்டி போதும்.”

மதுராந்தகம் தாண்டி வெட்டவெளி விரிந்தபோது வானத்தில் ஒரு விசித்திரம் தெளிவாகத் தெரிந்தது. தாழ்வான பஞ்சுத் திரள்கள் மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கி விரைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மிக மேலே, நார் நாராகக் கிடந்த கீற்று மேகங்கள் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தன. ஓடும் ரயிலிலிருந்து இதைச் சரிபார்க்க முடியாது. சிக்னலுக்காக வண்டி நின்ற ஐந்து நிமிடத்தில், ஒரு தந்திக் கம்பத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கீழ்மேகம் கம்பத்தின் இடப்பக்கம் போனது; மேல்மேகம் மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது.

கீழே ஓடுவது தென்மேற்குப் பருவக்காற்று. மேலே ஓடுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14, 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு காற்றாறு பாய்கிறது. அதை 1958-இல் விரிவாக எழுதி உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அதன் முக்கிய ஓட்டம் ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைகிறது. வங்கக் கடலின் இடிமேகங்கள் உச்சியில் கக்கும் பனித்துகள்களை அது வாரிக்கொண்டு வந்து தமிழ்நாட்டின் மேல் விரிக்கிறது. ஆடி, ஆவணியில் மழையே இல்லாத நாளிலும் வானத்தில் வெள்ளைச் சல்லா போர்த்தியிருப்பது அதன் வேலை.

பனித்துகள் என்றால் பனித்துகளேதான். தமிழ்நாட்டுக்கு மேலே ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கீற்று மேகங்கள் மிதக்கும் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40, 50, 60 என்று போகிறது. ரயில் பெட்டிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, தலைக்கு நேர் மேலே, செங்குத்தாக அளந்தால் மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம்கூட இல்லாத உயரத்தில், அறுகோணப் பனிப்படிகங்கள் மிதந்துகொண்டிருந்தன.

விழுப்புரத்தில் ஏறிய பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். காலுக்கடியில் கடலைப் பயிருக்கு வாங்கிய மருந்துப் பை. இருவரும் மாறி மாறிக் கையை நீட்டி வானத்தை அளப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தார்.

“என்னா தம்பி, மழை வருமான்னு பாக்கிறீங்களா? முந்தாநேத்து ராத்திரி நிலாவுக்குக் கோட்டை கட்டியிருந்துச்சி. நல்லா அகலமா. அகலக் கோட்டை கட்டுனா சீக்கிரம் வரும்னு எங்க அப்பாரு சொல்லுவாரு.”

“வந்துச்சா ஐயா?”

“எங்க வந்துச்சி! மோடம் போட்டுட்டுப் போயிடுச்சி.”

ஆசிரியருக்கு இது வெல்லம். நிலாவைச் சுற்றிக் கட்டும் கோட்டைக்கும் பகலில் சூரியனைச் சுற்றித் தெரியும் வட்டத்துக்கும் காரணம் ஒன்று. அறுகோணப் படிகத்தின் ஒரு பக்கம் நுழைந்து, ஒன்றுவிட்ட பக்கத்தின் வழியே வெளியேறும் ஒளி குறைந்தது 22 டிகிரி வளைகிறது. ஆகவே கோட்டையின் ஆரம் எப்போதும் ஒரே அளவு: சூரியனிலிருந்தோ நிலாவிலிருந்தோ ஒரு சாணுக்குச் சற்று மேல். அதைவிடச் சிறிதாக, நிலாவை ஒட்டியே தெரியும் வண்ண வளையம் வேறு. அது நீர்த்துளி மேகத்தின் வேலை. பெரியவரின் தகப்பனார் அகலத்தைப் பிரித்துச் சொன்னதில் நல்ல கவனிப்பு இருந்தது.

மழைக் கணக்குதான் மாதத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால், அதன் உச்சியிலிருந்து வழியும் பனிமேகம் பல நூறு கிலோமீட்டர் முன்னதாகவே கரைக்கு மேல் விரிந்துவிடும். அப்போது கட்டும் கோட்டைக்குப் பொருள் உண்டு. ஆடியில் காற்றோடை தினமும் சல்லா விரிக்கிறது. கோட்டையும் அடிக்கடி கட்டுகிறது. மழை தன் போக்கில் வருகிறது. பெரியவர் தலையாட்டினார். முழுசாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதினொரு மணியை ஒட்டி, விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், வந்த காரியம் நடந்தது. சூரியன் உச்சிக்கு அருகே ஏறியிருந்தது. கிழக்கே அடிவானத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே, கிடைமட்டமாக ஒரு கீற்று மேகம். அதன் ஒரு துண்டில் மட்டும் நிறம் ஏறத் தொடங்கியது. மேல் விளிம்பில் சிவப்பு, அதன்கீழ் மஞ்சள், பச்சை, அடியில் நீலம். மேகத்தின் ஓரம் மட்டுமல்லாமல், அதன் நார்கள் முழுவதும் சாயம் ஏறியிருந்தன. ஏரியில் பார்த்த வெளிர்நிறம் போலன்றி, வானவில்லை விடவும் துலக்கமான நிறங்கள். அடுத்த பகுதியிலிருந்து ஒரு சிறுமி, “அம்மா, மேகத்துல கலர் ஊத்தியிருக்காங்க” என்று கத்தியதும் பெட்டியே இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்டுடியோக்காரர் கம்பிக்கு நடுவில் லென்ஸை நீட்டித் தட்டிக்கொண்டே இருந்தார். கீற்று நகர்ந்தது, நிறம் அதோடு நகராமல் நின்ற இடத்திலேயே நின்று, மேகம் விலகியதும் அணைந்தது. ஒரு முந்திரித் தோப்பு கடக்கும் நேரம் இருக்கும்.

வாட்ஸ்ஆப்பில் நெருப்பு வானவில் என்ற பெயரில் அவ்வப்போது சுற்றும் படம் இதுதான். இதில் நெருப்பும் இல்லை, மழையும் இல்லை. தட்டையான அறுகோணப் படிகங்கள் காற்றில் படுக்கைவாட்டில் மிதக்கின்றன. ஒளி அவற்றின் பக்கச் சுவரில் நுழைந்து அடிப்பாகத்தின் வழியே இறங்குகிறது. இரண்டு முகங்களுக்கும் இடையே 90 டிகிரி என்பதால் நிறங்கள் நன்றாகப் பிரிந்து விழுகின்றன. ஆனால் இந்தக் கதவு திறக்க ஒரு நிபந்தனை உண்டு: சூரியன் அடிவானத்திலிருந்து 58 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஒளி படிகத்துக்குள்ளேயே திரும்பிவிடும், அடிவழியே வெளிவராது.

இந்த 58 டிகிரிதான் ஆசிரியரைத் தெற்கு நோக்கிக் கிளப்பியது. லண்டனில் சூரியன் அந்த உயரத்தை எட்டுவது மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை மட்டும். அதுவும் நண்பகலை ஒட்டிய சில மணி நேரம். கோபன்ஹேகனில் கோடையின் நெடும்பகலில்கூட எட்டுவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஆயுள் முழுக்க வானத்தைப் பார்த்தாலும் இந்த வண்ணப் பட்டை கிடைக்காது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட மேகப் புத்தகங்கள் இதை அபூர்வங்களின் வரிசையில் வைத்ததில் வியப்பில்லை. சென்னையிலோ ஜனவரிக் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய பத்து மாதம், ஒவ்வொரு நண்பகலும் சூரியன் அந்த உயரத்தைத் தாண்டுகிறது. தெற்கே போகப் போக நாட்கள் கூடும். கன்னியாகுமரியில் வருடத்தின் எல்லா நாளும் தாண்டுகிறது. சரியான இடத்தில் சரியான கீற்று மேகம் வந்து நிற்பது ஒன்றுதான் பாக்கி.

“அப்ப நம்ம ஊர்ல இது சாதாரணம்ங்கிறீங்களா?”

“சாதாரணம்னு சொல்லலை. பன்னெண்டு மணி வெயில்ல யாருப்பா மேல பாக்குறா?”

விருத்தாசலத்தில் பெரியவர் இறங்கினார். அங்கிருந்து கிழக்கே நெய்வேலி. அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் ஆவி சில நாட்களில் மேலே போய்த் திரண்டு அசல் திரள் முகிலாகவே நிற்கும். மனிதன் உண்டாக்கிய மேகம் என்று 2017-ஆம் ஆண்டு அட்டவணை அதற்குத் தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. விமானம் விட்டுச் செல்லும் வெள்ளைக் கோடும் அதே வகையில்தான் வரும்.

விமானம் மேகத்தை உண்டாக்குவது மட்டுமல்ல, ஓட்டையும் போடும். நடு உயரத்து மெல்லிய மேகங்களில் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி குளிர்ந்தும் உறையாமல் இருப்பதுண்டு. உறையத் தொடங்க ஒரு துணுக்குப் பனி வேண்டும். அந்த மேகத்தை ஊடுருவிச் செல்லும் விமானத்தின் இறக்கை மேல் காற்று விரிந்து சட்டென்று குளிரும்போது முதல் பனித்துகள்கள் பிறக்கின்றன. சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை அவை உறிஞ்சிப் பருத்து, கீழே உதிர்கின்றன. மேகத்தின் நடுவில் வட்டமாக ஒரு துவாரமும், அதன் நடுவில் தொங்கும் பனி நூல்களும் மிஞ்சும். பயணம் முழுக்க ஸ்டுடியோக்காரர் அதைத் தேடினார். கிடைக்கவில்லை.

கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி எல்லாம் பிற்பகலில் வந்துபோயின. திருச்சியில் இறங்கியவர்கள் காலி செய்த இடத்தில் இருவரும் வலப்பக்கம் மாறிக்கொண்டார்கள். சூரியன் மேற்கே போய்விட்டது. மலைகளும் அந்தப் பக்கம்தான் வரப்போகின்றன. மணப்பாறை முறுக்கு ஒரு சுற்று வந்து போனதும் அடிவானத்தில் திரள் முகில்கள் தடிக்க ஆரம்பித்தன.

வளரும் மேகத்தின் தலையைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு சின்ன வித்தை கிடைக்கும். வேகமாக மேலெழும் திரள், தனக்கு மேலிருக்கும் ஈரக் காற்றுப் படலத்தை முட்டி உயர்த்துகிறது. உயர்த்தப்பட்ட காற்று குளிர்ந்து, மேகத்தின் உச்சிக்குச் சற்று மேலே வழவழப்பான ஒரு தொப்பியாகப் படர்கிறது. சில நிமிடங்களில் கீழிருக்கும் மேகம் அதைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். தொப்பி கழுத்துத் துண்டாகி மறையும். வையம்பட்டிப் பக்கம் ஒரே மேகம் இப்படி இரண்டு தொப்பிகளைப் போட்டுக் கிழித்தது.

திண்டுக்கல்லை நெருங்கியபோது சிறுமலைக்கு அப்பால் ஒன்று முழு இடிமேகமாக முதிர்ந்திருந்தது. அதன் உச்சி மேலே போக வழியில்லாமல் தட்டையாகப் பரவி, காற்றோடையின் போக்கில் மேற்கே இழுபட்டிருந்தது. அந்தக் கூரையின் அடிப்பக்கத்தில்தான் மடி மேகங்கள் தொங்கும். உச்சியிலிருந்து கனத்துக் கீழிறங்கும் குளிர்காற்றும் பனித்துகளும் உருண்டை உருண்டையாகப் புடைத்து நிற்பதே அது. லத்தீனிலும் அதற்கு மடி என்றே பெயர். பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். புயல் வரப்போகிறது என்று போனில் படம் பறக்கும். உண்மையில் அது பெரும்பாலும் இடிமேகத்தின் கடைசிக் கட்டத்திலோ ஓரத்திலோ தெரிவது. சாய்ந்த வெயில் கீழிருந்து பட்டபோது ஒவ்வொரு புடைப்பும் ஒரு பக்கம் செம்மஞ்சளும் மறுபக்கம் ஊதாவுமாகத் தனித்தனியே பிரிந்து தெரிந்தது. பகல் முழுக்க ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களில் அவருக்கே திருப்தி தந்தது இதுதான்.

கொடை ரோடு ஸ்டேஷனில் வண்டி நின்றபோது மேற்கே பழனி மலைத்தொடர். அந்த மலையின் மேல், கொடைக்கானலில், சூரியனை ஆராய 1899 முதல் ஒரு வானாய்வகம் நடக்கிறது. அங்கே மேகம் இடைஞ்சல். கீழே ரயிலில் வந்தவர்களுக்கு அதுவே விருந்து. மலைமேகங்களின் இடைவெளிகள் வழியே வெயில் கதிர் கதிராக விரிந்தது. இது எல்லாரும் பார்ப்பது. ஆசிரியர் எழுந்து எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போனார். அதே கதிர்கள் தலைக்கு மேலே மங்கிக் கடந்து, கிழக்கு அடிவானத்தில் மறுபடி ஒரே புள்ளியில் குவிந்துகொண்டிருந்தன. கதிர்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று இணையானவை. தண்டவாளம் தூரத்தில் சேர்வதாகத் தோன்றுவதும் இதுவும் ஒரே கண்மயக்கு. சூரியன் மறையும்போது அதற்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கு மட்டும் கிடைக்கும் காட்சி.

மதுரையில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் செங்கோட்டை ரயில். திருவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று போகப் போக வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வருகிறது. ஆடியில் அந்த மலையின் தலையில் எப்போதும் ஒரு மேகச் சுவர் நிற்கும். கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்த பருவக்காற்று முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறுவதால் மேகம் கரைகிறது. எனவே சுவரின் விளிம்பு முகட்டோடு வெட்டிவிட்டாற்போல் நின்றுவிடும்.

ராஜபாளையம் பிளாட்பாரத்தில் ஸ்டுடியோக்காரர் போனை ஒரு தூணோடு சாய்த்து, நொடிக்கு ஒரு படமாக எடுக்க வைத்தார். முகட்டுச் சுவருக்குக் கிழக்கே தள்ளி, வெறும் வானத்தில், இரு முனையும் கூர்த்த வழவழப்பான மேகம் ஒன்று தனியாக நின்றது. கண்ணுக்கு அது அசையவே இல்லை. ஓடவிட்டுப் பார்த்த படத்தில் கதை வேறு. மேற்கு முனையில் மேகம் ஓயாமல் பிறந்துகொண்டிருந்தது. உள்ளே இழை இழையாக ஓடியது. கிழக்கு முனையில் கரைந்துகொண்டே இருந்தது. மலையைத் தாண்டிய காற்று அலையாக ஏறி இறங்குகிறது. ஏறும் இடத்தில் குளிர்ந்து மேகமாகிறது, இறங்கும் இடத்தில் ஆவியாகிறது. ஆற்றுப் பாறைக்குப் பின்னால் நீரின் மேடு நின்ற இடத்தில் நிற்க, தண்ணீர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பது போலத்தான். பறக்கும் தட்டு பார்த்ததாக உலகின் பல மலையூர்களிலிருந்து வந்த புகைப்படங்களில் இந்த வகை மேகம் நிறையவே உண்டு.

தென்காசியில் சாரல். மேகத்தின் கீழேயே வந்துவிட்டால் மேகம் தெரியாது. சட்டை நனைவது மட்டும் தெரியும். குற்றாலத்துக்குப் போகும் கூட்டம் துண்டும் எண்ணெயுமாக இறங்கியது. இருவரும் டீ குடித்துவிட்டுத் திருநெல்வேலி வண்டியைப் பிடித்தார்கள்.

வள்ளியூர் கடந்ததும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைத்தொடர் சட்டென்று தாழ்ந்து வழிவிடுகிறது. அரபிக் கடல் காற்று அந்த இடுக்கில் நெருங்கிப் பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் ஆடியில் ஓய்வதில்லை. தரையை ஒட்டி இவ்வளவு வேகமும், அதற்குச் சற்று மேலே வேறு வேகமும் இருந்தால், இரண்டு அடுக்கும் உரசும் இடத்தில் காற்று சுருளத் தொடங்கும். அந்த எல்லையில் மேகமும் இருந்துவிட்டால் சுருள் கண்ணுக்குத் தெரியும். மகேந்திரகிரியின் தோளில் ஒட்டியிருந்த மேகப் பட்டையின் மேல்விளிம்பில் ஐந்து அலைகள் வரிசையாக எழுந்து, கடற்கரை அலையின் முடி போல ஒரே பக்கம் கவிழ்ந்தன. “அடிச்சாச்சா?” என்று ஆசிரியர் கேட்பதற்குள் இரண்டு அலை உடைந்துவிட்டது. மூன்று படம் தேறியது. கெல்வின், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இரு இயற்பியலாளர்களின் பெயரால் வழங்கும் இந்த அலைமேகம் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்பது அரிது. மேகம் பார்ப்பவர்களின் பட்டியலில் இதற்குத் தனி மதிப்பு.

பட்டியலில் கோடு போட முடியாதவையும் உண்டு. ஆஸ்பெரிடாஸ் என்று 2017-இல் சேர்க்கப்பட்ட மேகம், அடியிலிருந்து பார்க்கும் கொந்தளிப்பான கடல் மாதிரி இருக்கும். 2006-இல் அமெரிக்காவின் அயோவாவில் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து அதைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. அது இந்த வழியில் தென்படவில்லை. 80 கி.மீ.க்கும் மேலே மிதந்து நள்ளிரவில் ஒளிரும் மேகங்கள் துருவங்கள் பக்கத்து உயர் அட்சரேகைகளின் கோடைக்கு உரியவை. தமிழ்நாட்டில் நின்று தேடிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில், பர்க்டவுன் என்ற சின்ன ஊருக்கு மேலே, செப்டம்பர், அக்டோபர் விடியல்களில் உருளும் குழாய் மேகம் சில சமயம் 1,000 கி.மீ. நீளம் இருக்கும், கிளைடர் ஓட்டிகள் அதன் முகப்பில் சறுக்குவதற்காகவே போகிறார்கள். கோபன்ஹேகன்காரருக்கு வண்ணப் பட்டை எப்படியோ, நாகர்கோவில்காரருக்கு இவை அப்படி.

கன்னியாகுமரியில் ஊரே இரண்டு வேளைக்கு இயங்குகிறது. விடியலுக்கு முன் லாட்ஜ் பையன்கள் கதவைத் தட்டி எழுப்புவார்கள்; மாலையில் மறுபடி கூட்டம். நடுவில் கடற்கரை காலி. இருவரும் பன்னிரண்டு மணிக்குக் குடையோடு படியிறங்குவதைப் பார்த்த மேலாளருக்குத் தாங்கவில்லை.

“மத்தியானம் யாரு சார் கடக்கரைக்குப் போவா? மணல்ல கால் வச்சா வெந்துரும்.”

அவர்கள் மணலுக்குப் போகவில்லை. ஆடியில் கன்னியாகுமரியின் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வண்ணப் பட்டையும் சூரியனுக்கு நேர் கீழே, வடக்கு வானில், ஒன்றரைச் சாண் உயரத்தில்தான் வர வேண்டும். எனவே முக்கடலுக்கும் முதுகைக் காட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு மதில் நிழலில் நின்றார்கள். சூரியன் உச்சமடையும் 12.25 வாக்கில் கீற்று மேகம் இருந்தது. மிகவும் தள்ளி, கிழக்கே. சூரியனைச் சுற்றிக் கோட்டை மட்டும் முழு வட்டமாகக் கட்டியிருந்தது. இளநீர்க்காரர் ஒருவர் கட்டைவிரலால் சூரியனை மறைக்கக் கற்றுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார்.

ஆசிரியரின் கணக்கு அதற்குள் டிசம்பருக்குப் போய்விட்டது. டிசம்பர் 21-இல் கன்னியாகுமரியின் நண்பகல் சூரியன் தெற்கே, கடலுக்கு மேல், சுமார் 58.5 டிகிரி உயரத்தில் நிற்கும். 58 டிகிரியைத் தாண்ட அது மயிரிழையில் போதும். அன்று அந்தப் பக்கம் பனிமேகம் இருந்தால் வண்ணப் பட்டை கடலின் விளிம்பிலிருந்து மூன்று, நான்கு விரல் உயரத்தில் கிடக்க வேண்டும். மிக மங்கலாக இருக்கும், தெரியாமலே போகலாம். இந்தியப் பெருநிலத்தில் அந்த நாளில் இதற்கு வாய்ப்புள்ள இடம் இந்தத் தென்முனையை ஒட்டிய பகுதி மட்டும்தான். வரவேற்பு மேசைக்குப் போய் அந்தத் தேதிக்குக் கடல் பார்த்த அறை ஒன்று கேட்டார்கள்.

“டிசம்பரா? ஐயப்ப சாமிமார் சீசன் சார்” என்றபடி மேலாளர் நோட்டைப் புரட்டினார். “வாடகை டபுளு. அட்வான்ஸ் இப்பவே போட்டுருங்க.”